கதவுக்கு வெளியே கேட்ட சத்தம்

காபித் தம்ளரைக் கையில் கொடுப்பதற்கு முன்பே அன்புக்கரசி புருஷனிடம் சத்தியம் வாங்கிவிட்டாள்.

"இன்னைக்கு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, செல்வி பேசுறப்ப நீங்க வாயத் தொறக்கக் கூடாது. அவ என்ன தப்புப் பேசுனாலும் சரி, மேசையத் தட்டக் கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

"காலங்காத்தால மாதாவ எதுக்குடி இழுக்குற?" என்றான் ஆல்வின்.

"பண்ணுனாத்தான் காப்பி."

ஆல்வின் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தான். ஆவி பறக்கும் தம்ளரைப் பார்த்தான். "சரி, சத்தியம். போதுமா?" என்றான்.

ஏதோ காபிக்காகச் செய்த சத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆல்வின் வார்த்தை கொடுத்தால் கொடுத்ததுதான். அவனிடம் அவளுக்குப் பிடித்த குணமும் அதுதான், ஆத்திரமூட்டும் குணமும் அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கையோடு இந்த வீட்டில் வெடித்த சண்டையை மேட்டுப்பட்டித் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. புருஷனும் பெண்டாட்டியும் நகைக்கும் நட்டுக்கும் அடித்துக்கொண்டால் தெருவுக்குப் புரியும். இவர்கள் அடித்துக்கொண்டது இங்கிலீஷ் இலக்கணத்துக்காக. "என்னத்துக்குப்பா இந்தச் சத்தம்?" என்று கேட்ட எதிர்வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லத் தெரியாமல் எல்லோரும் கலைந்து போனார்கள்.

விஷயம் வேறொன்றுமில்லை. கீழ்த்தளத்தில் ஜெரோம் டுடோரியல், மாடியில் குடித்தனம். ஆல்வினின் அப்பா ஜெரோம் வாத்தியார் ஆரம்பித்த வகுப்பு அது. அவர் காலமான பிறகு காலை வகுப்பு ஆல்வினுக்கு, மாலை வகுப்பு அன்புக்கரசிக்கு என்று ஆனது. ஒரே போர்டு, ஒரே பெஞ்சு. சொல்லிக்கொடுப்பது மட்டும் கிழக்கும் மேற்கும்.

"'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்'னு திண்டுக்கல்லுல பாதிப் பேரு சொல்றாக. கேக்குறவுக யாருக்காச்சும் புரியாமப் போச்சா? சனங்க எப்பிடிப் பேசுறாகளோ அதுதான் பாசை. நாம பேசுறதும் ஒரு இங்கிலீஷ்தான்" என்பது அன்புக்கரசியின் கட்சி.

"நம்ம தெருவுல புரியும். வேலை குடுக்குறவன் நம்ம தெருவுலயா இருக்கான்? அவன் உதட்டச் சுழிச்சான்னா புள்ளையோட பொழப்பே போச்சு. ரூலு ரூலுதான்" என்பது ஆல்வினின் கட்சி.

இரண்டு கட்சியிலும் நியாயம் இருந்ததே, அதுதான் வம்பு.

இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் சகாயசெல்வி. ஆல்வினின் கூடப்பிறந்த தங்கை, தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கட்டிக்கொண்டவன் இன்னொருத்தியோடு குடித்தனம் போய்விட்டதால் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவள். கோயில் வாசலில் நிற்கும் பெண்கள் எல்லாம் தெரிந்துகொண்டே, "அவரு வரலையாத்தா?" என்று கேட்பார்கள். அதற்குப் பயந்தே விடியற்காலைப் பூசைக்குப் போக ஆரம்பித்தாள்.

"என்னைய யாருக்குமே தெரியாத ஊருக்குப் போகணும் மதினி. அங்க நான் வெறும் நர்ஸு. அம்புட்டுத்தான். வேற எதுவும் வேணாம் எனக்கு" என்று ஒருநாள் அன்புக்கரசியின் மடியில் படுத்துக்கொண்டு சொன்னாள். அன்றைக்கே அன்புக்கரசி முடிவு கட்டிவிட்டாள், இவளை விமானம் ஏற்றாமல் ஓய்வதில்லை என்று.

அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி. எழுத்துப் பரீட்சையில் செல்வி நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டாள். அது ஆல்வினின் புண்ணியம், அதை மறைக்க முடியாது. மிச்சம் இருந்தது வீடியோவில் நேர்முகம் மட்டும். ஏற்கெனவே வேறு ஆஸ்பத்திரிக்கு ஒருதரம் நடந்து, வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வந்தவள். "இந்தத் தடவையும் போச்சுன்னா எங்க ஏஜென்சியில இருந்து உங்க பேர எடுத்துருவாங்கம்மா" என்று திருச்சி ஏஜென்சிக்காரர் சௌகத் அலி நயமாகத்தான் சொன்னார். நயமாகச் சொன்னால் வலிக்காதா என்ன?

ஞாயிற்றுக்கிழமைச் சண்டையை முடித்துவைத்ததும் செல்விதான். "காலையில அண்ணன் சரிங்கிறத சாயங்காலம் மதினி வேணாங்கிறீக. மதினி விடுறத அண்ணன் தட்டி நிறுத்துது. ரெண்டு பேரும் சேந்து என்னைய ஊமையாக்கிட்டீக!" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் பூனை நடை நடந்தார்கள்.

தட்டுவது என்றால் என்னவென்று சொல்லவேண்டும். ஜெரோம் வாத்தியார் காலத்துப் பழக்கம் அது. மாணவர் பேசும்போது தப்பு வந்தால் திட்டமாட்டார், திருத்தமாட்டார். மேசையில் ஸ்கேலால் ஒரு தட்டு. தட்டினால் நிறுத்து. எங்கே தப்பு என்று நீயே யோசி. பிறகு வாக்கியத்தை முதலில் இருந்து சொல். ஸ்கேல் போய் ஆல்வின் கையில் மார்க்கர் பேனா வந்தது, அவ்வளவுதான் மாற்றம்.

அன்புக்கரசியும் ஆத்தூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்து இதே பெஞ்சில் உட்கார்ந்து இதே தட்டு வாங்கி வளர்ந்தவள்தான். அந்தச் சத்தத்தை அவள் மறக்கவில்லை. தன் மாலை வகுப்பில் அவள் முதலில் ஒழித்தது அதைத்தான்.

இப்படிக் காபியும் சத்தியமுமாக முடிந்த காலையில் வகுப்புக் கதவைத் திறக்கக் கீழே இறங்கினால், வாசலில் பேகம்பூர் முகமது யாசின் பல்லெல்லாம் தெரிய நிற்கிறான். தோல் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பவன், மாலை வகுப்பு மாணவன்.

"மேடம், நேத்து இத்தாலிக்காரன் போனு போட்டு என்னையப் பிடிபிடின்னு பிடிச்சுட்டான். சரக்கு லேட்டாம். நான் அசரலையே! 'சார், டோன்ட் டென்ஷன், டுமாரோ கன்ஃபார்ம் தேர்'ன்னேன். அவன் சிரிச்சுட்டு 'ஓகே யாசின்'னுட்டான். இன்னைக்கு லாரி கெளம்பிருச்சு!"

"பாத்தியா? பயப்படாமப் பேசுனேல்ல, அதான்!" என்று அன்புக்கரசிக்குக் கொண்டாட்டம்.

பின்னால் படியில் நின்ற ஆல்வினுக்குப் பல்வலி வந்தது போல முகம் சுருங்கியது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் மார்க்கரைத் தொட்டது. அன்புக்கரசி திரும்பி முறைத்தாள்.

யாசின் போனதும் ஆல்வின் மார்க்கரை எடுத்து அவள் கையிலேயே திணித்தான்.

"இந்தா, இத நீயே வச்சுக்க. எங்கிட்ட இருந்தா என் கை சும்மா இருக்காது. தங்கச்சி விசயம். எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல."

அவள் நெகிழ்ந்துவிட்டாள். இந்த மனுஷன் இவ்வளவு இறங்கி வருவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "நல்லபடியா முடியட்டும், ராத்திரிக்கு ஒங்களுக்குப் பிடிச்ச கறிக்கொழம்பு" என்றாள்.

மதியம் செல்விக்குச் சோறு இறங்கவில்லை. அவளைப் பெற்றவளும் அன்புக்கரசியின் மாமியாருமான இன்னாசியம்மாள் தட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, "தொட்டுக்கிற வெஞ்சனத்தையாச்சும் தின்னுத்தா. வெறும் வயித்தோட பேசுனா குரலு கம்மும்" என்று கெஞ்சினாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டாள் செல்வி. அன்புக்கரசிதான் அவளுக்குத் தலை வாரி, தன் நீலப் புடவையை எடுத்துக் கட்டிவிட்டாள்.

"மதினி, தப்பா வந்துருச்சுன்னா?"

"வரட்டும். வந்தா என்ன? நிக்காத. போய்க்கிட்டே இரு. வார்த்த வரலேன்னா கையக் காட்டு. அங்க உக்காந்து இருக்குறவுகளும் மனுசங்கதான்."

"அண்ணன் தட்டுமா?"

"மாதா மேல சத்தியம் பண்ணிருக்காரு. தட்ட மாட்டாரு."

செல்வி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க அன்புக்கரசிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வீட்டில் வைஃபை ஒழுங்காகக் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். கீழே வகுப்பறையின் ஓரத்தில் பிளைவுட் தடுப்பு வைத்து அடைத்த சின்ன ஆபீஸ் அறை. செல்வி லேப்டாப்போடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மற்ற மூவரும் வெளியே, வகுப்பறையில். மாடிக்குப் போய்விடலாம் என்று அன்புக்கரசி சொல்லிப் பார்த்தாள். யாருக்கும் கால் நகரவில்லை. அவளுக்கே நகரவில்லை.

இன்னாசியம்மாள் கடைசி பெஞ்சில் ஜெபமாலையோடு உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்பதை மகன் முகத்திலும் மருமகள் முகத்திலும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆல்வின் சுவரோரத்தில் நின்று இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இறுக்கிக் கட்டிக்கொண்டான். அன்புக்கரசி டீச்சர் மேசையில் போய் உட்கார்ந்தாள்.

பிளைவுட்தானே, ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. முதலில் செல்வியின் குரல் கொஞ்சம் நடுங்கியது. அப்புறம் பிடித்துக்கொண்டது. மருந்து சாப்பிட மறுக்கும் நோயாளியை எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டார்கள்.

செல்வி அய்யலூர் ஆட்டு வியாபாரி ஒருவரின் கதையை எடுத்துவிட்டாள். ஊசி என்றாலே கட்டிலைவிட்டு இறங்கி ஓடும் ஆள். இவள் ஊசியைப் பற்றிப் பேசவே இல்லை. சந்தையில் இந்த வாரம் கிடாய் என்ன விலை என்று கேட்டாள். அவர் விலை சொல்லி, பேரம் சொல்லி, தான் யாரை ஏமாற்றினார், தன்னை யார் ஏமாற்றினார் என்று சொல்லி முடிப்பதற்குள் இவள் ஊசி போட்டு முடித்துவிட்டாள். இத்தனையும் இங்கிலீஷில்! அது ஆல்வின் இங்கிலீஷ் இல்லை. அன்புக்கரசி இங்கிலீஷும் இல்லை. செல்வியின் சொந்த இங்கிலீஷ். ஆட்டைப் போலக் கத்தி வேறு காட்டினாள் போலிருக்கிறது. உள்ளே லேப்டாப்பில் இரண்டு பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அன்புக்கரசிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜெயித்துவிட்டாள், என் செல்வி ஜெயித்துவிட்டாள் என்று மனசு குதித்தது. ஆல்வின்கூடத் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டான்.

அப்போதுதான் அந்த இருவரில் ஓர் அம்மா, பிரியமாகத்தான், கேட்டாள். இவ்வளவு தூரம் தனியாக வரப்போகிறாயே, சொந்த ஊரைவிட்டு வர ஏன் ஆசைப்படுகிறாய்?

இதற்கு ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தார்கள். நல்ல அனுபவம், நல்ல பயிற்சி என்று ஒப்பிக்கிற பதில். செல்வி அதைச் சொல்லவில்லை. என்ன தோன்றியதோ, சிரித்தவர்கள்மேல் என்ன நம்பிக்கை வந்ததோ, உண்மையைச் சொல்ல ஆரம்பித்தாள். இங்கே எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள் என்றாள். என் கணவர் என்னை விட்டுப் போய்விட்டார் என்று சொல்ல வந்தவள், போய்க்கொண்டிருக்கிறார் என்று சொன்னாள். அவ்வளவுதான் தப்பு. புரியாமல் போக அதில் என்ன இருக்கிறது?

டொக்.

மேசையில் ஒரு தட்டு. தெளிவாக, அளவாக, ஜெரோம் வாத்தியாரே எழுந்து வந்து தட்டியது போல.

உள்ளே செல்வி நிறுத்திவிட்டாள். "சாரி" என்றாள். வாக்கியத்தை முதலில் இருந்து ஆரம்பித்தாள். பாதியில் நாக்குச் சிக்கியது.

டொக்.

அன்புக்கரசிக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. பாவி மனுஷா, மாதா மேல் சத்தியம் பண்ணிவிட்டு! எரித்துவிடுவது போலத் திரும்பி ஆல்வினைப் பார்த்தாள்.

அவன் கைகள் அக்குளுக்குள்ளேயே இருந்தன. முகம் வெளிறிப்போய், அவன் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கையில், காலையில் ஆல்வின் திணித்த அதே மார்க்கர். அதன் முனை மேசைமேல் பதிந்து நின்றது. அடுத்த தட்டுக்கு விரல் லேசாக மேலே எழும்பிக்கூட இருந்தது. அந்தக் கையை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. ஐயோ, நானா என்று உள்ளே ஒரு குரல் அலறியது.

மார்க்கரைத் தரையில் போட்டாள். இனிமேல் போட்டு என்ன? உள்ளே செல்வி, "சாரி... சாரி மேடம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை, தண்ணீர் குடித்துவிட்டுப் பேசு என்றாள் அந்த அம்மா. செல்வி ஒரு சொல்லை ஆரம்பிப்பாள், நிறுத்துவாள். யாரும் தட்டாமலே நிறுத்தினாள். பிறகு அதுவும் இல்லை. கடைசியில் அவர்களே நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

கதவு திறந்தது. நீலப் புடவையின் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு செல்வி வெளியே வந்தாள். நேரே ஆல்வின் முன்னால் போய் நின்றாள்.

"திருப்தியாண்ணே?"

ஆல்வின் தரையில் கிடந்த மார்க்கரைப் பார்த்தான்.

"என் புருசன் ஓடிப்போன கதையச் சொல்றேன். அதுலயுமா ஒனக்குத் தப்பு தெரிஞ்சுச்சு? நான் அழுதா அதுலயும் தப்புக் கண்டுபிடிப்பியா?"

அன்புக்கரசி எழுந்தாள். "செல்வி, இங்க பாரு, அது வந்து..."

"நீங்க அவருக்குப் பரிஞ்சு பேசாதீக மதினி. மாதா மேல சத்தியம் பண்ணாராமே. ஏண்ணே, நீதான தட்டுன? வாயத் தொறந்து சொல்லு."

ஆல்வின் ஒரு கணம் பெண்டாட்டியைப் பார்த்தான். ஒரே கணம். பிறகு தங்கச்சியைப் பார்த்துச் சொன்னான்.

"ஆமாத்தா. நாந்தான்."

செல்வி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். "இனிமே ஒன் வாயால என் பேரச் சொல்லாத" என்றாள். மாடிப்படியில் அவள் ஏறும் சத்தம் கேட்டது. ஜெபமாலையை மடியில் போட்டுவிட்டு இன்னாசியம்மாளும் மகள் பின்னாலேயே போனாள். போகும்போது மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். அப்போது அன்புக்கரசி அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

"ஏங்க இப்பிடிப் பண்ணுனீக?" வார்த்தைக்கு முன்னால் அழுகைதான் வந்தது. "நான் போயிச் சொல்லிருறேன். இப்பவே சொல்லிருறேன். எங் கைதான்னு."

ஆல்வின் படியை மறித்துக்கொண்டு நின்றான்.

"சொல்லாத."

"அவ ஒங்க தங்கச்சிங்க!"

"அதுக்காகத்தான் சொல்லாதங்குறேன். அவ வாயத் தொறந்து பேசுறது இந்த ஒலகத்துல ஒங்கிட்ட மட்டுந்தான் அன்பு. எங்கிட்ட எப்பவும் பேசுனதில்ல, அப்பாகிட்டயும் பேசுனதில்ல. மதினியும் தட்டுனாகன்னு தெரிஞ்சா அப்புறம் அவளுக்கு யாரு இருக்கா? நான் போனாப் போறேன். நீ இரு."

"நானும் அவளத் தட்டிப்புட்டேனே. ஊருக்கெல்லாம் பேசு பேசுன்னு சொல்லிட்டு, அவ பேசுறப்ப நானே..."

"நீயாத் தட்டல." அவன் குரல் உடைந்தது. "நானும் எங்கப்பாவும் இத்தன வருசமாத் தட்டுனோமே, அதுதான் ஒங் கையில போயி உக்காந்துக்கிருச்சு. ஒன்னைய எப்பிடி நான் குத்தஞ் சொல்வேன்?"

கல்யாணமான நாளிலிருந்து எந்தச் சண்டையிலும் தோற்காத மனுஷன். அவன் தோற்க வேண்டும் என்று அவள் எத்தனையோ தடவை ஆசைப்பட்டிருக்கிறாள். இன்றைக்குத் தோற்று நிற்கிறான். அதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. அவன் மார்பில் முட்டிக்கொண்டு அழுதாள்.

செத்த நேரத்தில் போன் அடித்தது. சௌகத் அலி.

"அம்மா, மன்னிச்சுக்கங்க. வேணாம்னுட்டாங்க." அவர் தயங்கினார். "எனக்கே ஆச்சரியம்மா. முதல் பாதி பிரமாதம்னாங்க. கொஞ்சம் தப்பு வந்துச்சாம், அதெல்லாம் அவங்க கணக்குலயே எடுக்கல, எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்கன்னாங்க. திடீர்னு பேச்சே நின்னுபோச்சாமே? அவசரமான நேரத்துல நோயாளிகிட்ட இப்படி நின்னுட்டா என்ன பண்றதுன்னு பயப்படுறாங்க. அதான்."

அன்புக்கரசி போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து நின்றாள். வருஷக்கணக்காக அவள் தொண்டை கிழியக் கத்தியது எல்லாம் சரிதான் என்று அயர்லாந்தில் இருந்து யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இதைவிட ஒரு செருப்படி வேறு வேண்டுமா?

மாடியில் செல்வி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் யூனிஃபார்ம் போட்டிருந்தாள். மதினியின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நீலப் புடவையை மடித்துக் கட்டில்மேல் வைத்தாள்.

"வேணாம்னுட்டாகளா?"

அன்புக்கரசி தலையை ஆட்டினாள்.

"சரி விடுங்க. இன்னைக்கு நைட் டியூட்டி. ஆஸ்பத்திரி ஹாஸ்டல்லயே ஒரு கட்டிலு காலியா இருக்காம், கேட்டுட்டேன். இனிமே அங்கதான்."

"செல்வி, ஒரு நாளு பொறு. கோவத்துல எதுவும்..."

"கோவமெல்லாம் இல்ல மதினி." பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க அங்கதான இருந்தீக. அண்ணன் வேணும்னே தட்டுச்சா, தெரியாமத் தட்டுச்சா?"

அன்புக்கரசி கட்டில்மேல் இருந்த நீலப் புடவையைப் பார்த்தாள். நாந்தான் தட்டுனேன் செல்வி என்ற மூன்று சொல் நாக்குவரை வந்துவிட்டது. கூடவே, நீ இரு என்ற ஆல்வினின் குரலும் வந்தது.

"தெரியாமத்தான்" என்றாள். "சத்தியமாத் தெரியாமத்தான் செல்வி. தட்டுன கைக்கே அது தெரியாது. அந்தக் கைய வெட்டிப் போடலாம்னு இருக்கு."

தன் கையைப் பற்றி அவள் சொன்ன நிஜம், அடுத்தவன் பேரில் போய் விழுந்தது.

செல்வி கட்டிலில் உட்கார்ந்தாள்.

"வேணும்னு தட்டியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். என்னைக்காச்சும் ஒரு நாளு, தப்புப் பண்ணிட்டேன்த்தான்னு வந்து நிக்கும். தெரியாமத் தட்டுற கைய எப்பிடி மதினி மன்னிக்கிறது? அது நாளைக்கும் தட்டும். அந்தக் கை இருக்குற எடத்துல ஆயுசுக்கும் நான் பேச மாட்டேன்."

சொல்லிவிட்டு, தேம்பிக்கொண்டே, மதினியின் வலது கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இந்தக் கை மட்டும் இல்லேன்னா நான் என்னைக்கோ செத்துப் போயிருப்பேன் மதினி" என்றாள்.

அன்புக்கரசியின் விரலெல்லாம் செல்வியின் கண்ணீரில் நனைந்தது. கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, அங்கேயே வைத்திருக்கவும் முடியவில்லை. அழ மட்டும்தான் முடிந்தது.

ஆட்டோ வந்தது. ஆல்வின் பெட்டியைத் தூக்கக் கை நீட்டினான். செல்வி அவன் அங்கே நிற்பதையே பார்க்காதவள் போலப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஏறினாள். "போய்ட்டு வாரேம்மா. வாரேன் மதினி" என்றாள். அண்ணனிடம் சொல்லவில்லை. ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு, ஆல்வின் ஒன்றும் பேசாமல் எதிர்ப்பக்கம் நடந்து போனான். சட்டைப் பட்டன் ஒன்று போடாமல் இருந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை.

மாலை வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். "குட் ஈவ்னிங் மேடம்" என்ற குரல்கள் எங்கேயோ தூரத்தில் கேட்டன.

இன்னாசியம்மாள் மருமகள் பக்கத்தில் வந்து நின்றாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. மிகவும் களைத்துப் போயிருந்தாள்.

"அன்பு."

"அத்தை?"

"எனக்கு இங்கிலீசு தெரியாது. உள்ள அவ என்ன பேசுனா, எங்க தப்பு விட்டான்னு நான் கண்டேனா? நான் ஒங்க ரெண்டு பேரு கையவும் முகத்தையுந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அன்புக்கரசி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் மகன் பொய்யி சொன்னதே இல்ல. இன்னைக்கு ஒனக்காகச் சொல்லிட்டான். அவன் மனசு அவனுக்கு. நானும் அவனப் பெத்தவதானே? செய்யாத குத்தத்துக்கு அவன் தங்கச்சி மூஞ்சியில முழிக்காமக் கெடப்பான், நான் அதப் பாத்துக்கிட்டு இருக்கணுமா?" இன்னாசியம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவளும் எம் மகதான். ஒன்னைய விட்டா அவளுக்கு ஆளு இல்ல, அதுவும் எனக்குத் தெரியும். ராப்பூரா ரோசனை பண்ணு. காலையில அவ டியூட்டி முடிஞ்சு வெளிய வாரப்ப நடந்தத நடந்தபடி சொல்ல ஆஸ்பத்திரி வாசல்ல யாராச்சும் ஒருத்தி நிக்கணும். நீ போறியா, நான் போகவா?"

அன்புக்கரசி வாயைத் திறந்தாள். மாமியார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். உள்ளே பிள்ளைகள் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. அவளுக்குப் பேச்சு வரவில்லை.